பெரியவரின் எடை

தராசு பழுது பார்க்கிறவருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் நாலுமூலை. தராசைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், "நடுவுல வெச்சா எல்லாத் தராசும் யோக்கியன்தான். நாலு மூலையிலயும் வெச்சுப் பாரு, அப்பத் தெரியும்" என்பார். ஒரே எடைக்கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைப்பார். நான்கிலும் ஒரே எண் வந்தால்தான் தராசு கடையை விட்டுக் கிளம்பும்.

தொழிலுக்கு இது நல்ல பழக்கம்தான். சிக்கல் என்னவென்றால், மனிதர்களையும் அவர் அப்படியே சோதித்தார். ஒரே கேள்வியை நான்கு தடவை, நான்கு இடத்தில், நான்கு விதமாகக் கேட்பார். பதில் இம்மி பிசகினாலும் அந்த ஆள் தீர்ந்தான். "கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட வயசை நாலு தடவை கேட்டாரு. நாலாவது தடவை கடுப்புல ரெண்டு வயசு கூட்டிச் சொல்லிட்டேன். இன்னும் அதுக்கு விசாரணை நடக்குது" என்று அவர் மனைவி சொல்வாள்.

கீழே கடை, மேலே வீடு. கடை நீளமான ஒற்றை அறை. வாசலோரம் பழுதுக்கு வந்த தராசுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்: காய்கறிக் கடையுடையது, தபால் ஆபீசுடையது, பிறந்த குழந்தையை எடை போடும் ஆஸ்பத்திரித் தராசு. நடுவில், நீளக் கம்பி வைத்த பழைய மேடைத் தராசு ஒன்று. அறையின் கோடியில், காற்று படாத மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நுட்பமான தராசு; கிராமில் பத்தில் ஒரு பங்கை, அதாவது ஒரு புள்ளியைக்கூடக் காட்டும். அதன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பித்தளையில் ஒரு கிலோ எடைக்கல். அந்தக் கல்லுக்குப் பெயர் பெரியவர்.

நாலுமூலைக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி கடையை மூடியபோது கொடுத்துவிட்டுப் போன கல் அது. கடையில் இருந்த மற்ற கற்களுக்கெல்லாம் அதுதான் நீதிபதி. "பெரியவர் சொல்லிட்டா மேல்முறையீடு கிடையாது" என்பார். இருபத்திரண்டு வருஷமாக, காலையில் டீ குடிப்பதற்கும் முன்னால், பெட்டியைத் திறந்து, துணியில் பாலீஷ் தொட்டு, பெரியவரை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பார். வெறும் விரல் மேலே படவே கூடாது. கையழுக்கு ஒட்டினால் எடை ஏறிவிடும், ஏறின எடை திருட்டு எடை என்பது அவர் கட்சி. தேய்த்து முடித்துக் கண்ணாடிப் பெட்டித் தராசில் வைப்பார். ஆயிரம் கிராம் என்று காட்டும். சில நாள் ஒரு புள்ளி குறைத்துக் காட்டும். அப்போது தராசைத்தான் திருகிச் சரிசெய்வார். கரண்டில் ஓடுகிற சாமானை எவன் நம்புவான்?

எடைக்கற்களைச் சோதித்து முத்திரை போடுகிற எடை அளவு ஆபீசுக்குப் பெரியவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. கடைசியாகப் போனபோது அங்கிருந்த குமாஸ்தா சாப்பிட்ட கையோடு பெரியவரைத் தூக்கிவிட்டான். அன்றைக்கு அங்கே பெரிய ரகளை. அதோடு சரி, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

இன்னொரு ரகளையும் உண்டு. எதிர்க் கடை, பழைய இரும்பு வாங்குகிற கடை. ஏழு வருஷத்துக்கு முன் அந்த இரும்புக் கடைக்காரர், நாலுமூலை சரிசெய்து கொடுத்த தராசில் தன்னுடைய சொந்த இரும்புக் கல்லை வைத்துப் பார்த்துவிட்டு, "உன் கல்லு குறையுதுப்பா" என்றார். நாலுமூலைக்கு வந்ததே கோபம். இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி எடை சரிசெய்வார்கள். "அடியில கூடுதலா ஈயம் ஊத்தி, கூடுதல் கல்லை வெச்சு ஊர் இரும்பை அள்ளுறான்" என்று தெரு முழுக்கச் சொன்னார். அவர் சொன்னால் தெரு நம்பும். இரும்புக் கடைக்காரர் பாதி வாடிக்கையை இழந்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மருமகள் கடன் வாங்கலாம் என்று ஆரம்பித்தாள்.

மகன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பான், அதில் ஒரு மாதம் தூங்குவான். மருமகள் கல்யாணத்துக்கு முன் ஒரு சரக்குக் கிடங்கில், லாரிகளை எடை போடுகிற எடைமேடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். மேலே சும்மா இருக்கப் பிடிக்காமல் கடைக்கு இறங்கினாள். ஆறே மாதத்தில் வேலை கற்றுக்கொண்டாள். "கையும் சுத்தம், வேலையும் சுத்தம்" என்று நாலுமூலை மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மருமகளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கேறிவிடுமோ என்று சந்தேகம்.

"மாமா, இருபது காய்கறிக் கடைத் தராசு பாத்தா வர்றது ஒரு எடைமேடை பாத்தா வந்துடும்" என்றாள் ஒரு சாயங்காலம். "மூணு கிடங்குக்காரங்க வருஷம் பூரா நமக்கே தர்றோம்கிறாங்க. ஆனா நம்மகிட்ட ஒரு டன் சோதனைக் கல்லு இருக்கணும். இருபது கிலோக் கல்லு அம்பது. அதைத் தூக்கி வைக்க கிரேன் வெச்ச சின்ன லாரி ஒண்ணு."

"அதுக்குக் காசு?"

"பேங்க்ல கேக்கலாம்."

"எதை வெச்சு?"

"இந்த இடத்தை வெச்சுத்தான்."

நாலுமூலை சுவரைக் காட்டினார். 'கடன் அன்பை முறிக்கும்' என்று அங்கே பலகை தொங்கியது.

அவள் எழுந்து பழைய மேடைத் தராசிடம் போனாள். மேடையில் யாரோ சோதனைக்காக ஏற்றிய இரும்பு கிடந்தது. கம்பியின் மறு நுனியில் ஒற்றைக் கிலோக் கல்லைத் தொங்கவிட்டாள். கம்பி ஆடி ஆடி நேராக நின்றது.

"மேடையில எவ்ளோ இருக்கு மாமா?"

"நூறு கிலோ."

"இந்தப் பக்கம் ஒரே கிலோ. அது நூறைத் தாங்கிட்டு நிக்குது. நம்ம கையில இருக்கறது ஒரு கிலோதான். கடன்கறது இந்த நீளக் கம்பி."

"கம்பி நழுவிச்சுன்னா நூறு கிலோ யார் கால்ல விழும்?"

"நம்ம கால்லதான்."

மழுப்பியிருந்தால் அவருக்குப் பழகிய விஷயம். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதுதான் அவரை உறுத்தியது. அகலக்கால் வைக்காதே என்று சொல்லிப் பார்த்தார், விரலுக்கேத்த வீக்கம் வேண்டும் என்றும் சொன்னார். "விண்ணப்பம் போடுறதுக்குக் காசா பணமா, போட்டுப் பாக்கலாம்" என்றாள் மனைவி. மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பேங்கிலிருந்து ஒரு அம்மா வந்தாள். கையில் பென்சில், காதோரம் நரை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கூரையைப் பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள், வாசலிலிருந்து கோடி வரை நடந்து காலடியை எண்ணினாள். பெரியவரின் பெட்டி முன்னால் நின்று, "இதுக்குக் கடைசியா எப்ப முத்திரை போட்டீங்க?" என்று கேட்டாள்.

"அதுக்கு முத்திரை எதுக்கு? அதை வெச்சுத்தான் மத்ததையே பாக்குறோம்."

அவள் பென்சிலால் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்ப்பதற்குள் நோட்டை மூடிவிட்டாள்.

"நம்ம தொழில் வளரணும்னு இவளுக்கு என்ன இவ்வளவு அக்கறை? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதைதான்" என்றார் நாலுமூலை, அவள் போன பிறகு.

"ஓநாய்க்கு அதான் சம்பளம்" என்றாள் மனைவி.

அவர் தன் சோதனையை ஆரம்பித்தார். எங்களுக்குக் கடன் கொடுத்தால் உங்களுக்கு என்ன லாபம் என்று அந்த அம்மாவிடம் கடையில் வைத்துக் கேட்டார். இரண்டு நாள் கழித்துப் போனில் கேட்டார். பேங்குக்கே நேரில் போய்க் கேட்டார். நாலாவதாக, பேங்க் வாசலில் டீ விற்கிறவனை விட்டுக் கேட்கச் சொன்னார். நான்கு தடவையும் ஒரே பதில்: "வட்டிதாங்க லாபம். நீங்க நல்லா இருந்தா எங்களுக்கு வட்டி வரும்." தராசாக இருந்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பார். ஆனால் மனுஷி நான்கு மூலையிலும் ஒரே எண்ணைக் காட்டினால்? யாரோ மனப்பாடம் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது.

அதற்குப் பிறகு மருமகளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். ஒரு வியாழக்கிழமை அவர் சந்தைக்குப் போய்த் தராசுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, பெரியவரின் பெட்டிக்குள் துணி நான்காக மடித்திருந்தது. அவர் மூன்றாகத்தான் மடிப்பார். யார் திறந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள். அடுத்த வாரம் அவள் போனில் யாரிடமோ, "மாமாவுக்கு இப்பத் தெரிய வேணாம்" என்று சொல்வது மாடிப்படியில் காதில் விழுந்தது. இவர் வருவதைப் பார்த்ததும் பேச்சை மாற்றினாள். சாப்பிடும்போது அவர் முகத்தையே பார்ப்பாள், ஏதோ சொல்ல வாயெடுப்பாள், அப்புறம் "தண்ணி வேணுமா மாமா?" என்பாள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்.

இடத்தை அடமானம் வைத்து, பணம் வந்ததும் மூட்டை கட்டிவிடுவாளோ? கப்பல்காரன் அவள் சொன்னதுக்குத் தலையாட்டுவான். கடைசியில் தானும் மனைவியும் தெருவில் நிற்பதுவரை அவர் மனம் ஓடிப் பார்த்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அவருக்குப் பயம். அறுபத்து மூன்று வயதில் அந்த ஒற்றை அறையைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது.

கையெழுத்துப் போட வேண்டிய நாளும் வந்தது. அதுவும் வியாழக்கிழமைதான். விடிந்ததும் வழக்கம்போலப் பெட்டியைத் திறந்து, பெரியவரைத் தேய்த்து, கண்ணாடிப் பெட்டித் தராசில் வைத்தார்.

ஆயிரத்து இரண்டு கிராம், மேலே மூன்று புள்ளி.

எடுத்துத் திரும்ப வைத்தார். அதே எண். நான்கு மூலையிலும் வைத்தார். அதே எண். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லைப் பார்த்தார். அதே அச்சு, அதே உயரம். ஆனால் பெரியவரின் முகத்தில் எழுத்து மங்கி மங்கி, தடவினால்தான் தெரியும். இதில் எழுத்து வெட்டினாற்போல் நின்றது. இது வேறு கல். அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. தான் சந்தேகப்பட்டது சரிதான்.

பேங்க் அம்மா பத்து மணிக்கு வந்தாள். மருமகள் மேஜையைத் துடைத்துப் பத்திரங்களை அடுக்கினாள். மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். நாலுமூலை பேனாவைத் தொடவில்லை.

"பெரியவர் எங்கே?" என்றார்.

மருமகளின் கை அப்படியே நின்றது.

"கேக்கறேன்ல. பெட்டியில இருக்கறது வேற யாரோ. நம்ம பெரியவர் எங்கே?"

அவள் தன் பையைத் திறந்தாள். துணியில் சுற்றிய கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நான்தான் மாமா மாத்தினேன். நேத்து சாயங்காலம்."

"எதுக்கு?"

அவள் பேங்க் அம்மாவைப் பார்த்தாள். பேங்க் அம்மா அவளைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதாதா? இரண்டு பேரும் கூட்டு.

"கூடுதல் எடைக் கல்லை உள்ள வெச்சு என் கடைப் பேரைக் கெடுக்கறது, அப்புறம் கடையை அடிமாட்டு விலைக்குப் பேசறது. எத்தனை நாளா இந்தத் திருட்டு வேலை? என் சோத்தைத் தின்னுட்டு என் பெட்டியிலயே கை வெக்கிறியே, திருடி."

மனைவி, "வாயை மூடுங்க" என்றாள். அவர் மூடவில்லை. இன்னும் நிறையச் சொன்னார், அதையெல்லாம் எழுதுவதற்கில்லை. மருமகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. காது மட்டும் சிவந்து போயிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பேங்க் அம்மா பத்திரங்களை மேஜைமேலேயே வைத்துவிட்டு எழுந்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தாங்க எனக்கு அனுமதி. அதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா விண்ணப்பம் செத்துடும். அந்தக் கிடங்குக்காரங்களும் காத்திருக்க மாட்டாங்க" என்றாள். வாசலில் மருமகளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நாலுமூலை இரண்டு கற்களையும் தனித்தனித் துணியில் சுற்றினார். ஒரு புகாரும் எழுதினார்: என் மருமகள், என் கடையின் மூலக் கல்லைத் திருடி, அதனிடத்தில் போலிக் கல்லை வைத்து, என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு எடை அளவு ஆபீசின் படியேறினார்.

பழைய குமாஸ்தா ஓய்வு பெற்றுவிட்டிருந்தான். புதிதாக ஒரு ஆய்வாளர், நடுவயசுக்காரர். கல்லைத் தொடுவதற்கு முன் கையுறை மாட்டிக்கொண்டார். நாலுமூலைக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போனது.

"இது போலிங்க" என்று புதுக் கல்லை நீட்டினார். "கூடுதல் எடை. இதுதான் அசல். ரெண்டையும் வெச்சு எழுதிக் குடுங்க, போலீசுக்குக் குடுக்கணும்."

ஆய்வாளர் புதுக் கல்லை வைத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்து எண்ணைப் படித்தார். "சரியா ஆயிரம் இருக்கே. நேத்துத்தான் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பின கல்லு இது." பிறகு பெரியவரை வைத்தார்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, மேலே ஏழு புள்ளி.

"உங்க தராசைச் சரிபாருங்க" என்றார் நாலுமூலை.

ஆய்வாளர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து அறைத் தராசில் வைத்தார். அங்கும் அதே எண். கல்லைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "யாருங்க இதை இப்படித் தேய்ச்சது? எழுத்தே போயிடுச்சு. பாலீஷ்ல மணல் மாதிரி நைசான பொடி இருக்கும். தினம் தேய்ச்சா தினம் கொஞ்சம் பித்தளை துணியோட போயிடும். அழுக்கு ஏறி எடை கூடினது எங்கேயோ ஒண்ணு இருக்கும். தேய்ச்சு எடை குறைஞ்சதுதான் ஊர்ல நிறைய."

நாலுமூலையின் வாயிலிருந்து, "தெரியலீங்க" என்ற பொய் தானாக வந்தது.

"போன மாசம் ஒரு பொண்ணு இதைக் கொண்டு வந்துச்சே. கூட பேங்க்லேருந்து ஒரு அம்மா. கல்லுக்குச் சான்றிதழ் இல்லாம கடன் தர மாட்டோம்னாங்க போல. குறையுதுன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு இந்த பெஞ்சுலயே உக்காந்து அழுதுச்சு. இந்தக் கல்லுக்கே எடை ஏத்த முடியாதா, மாமாவுக்குத் தெரியாம சரிபண்ண முடியாதான்னு நாலு தடவை கேட்டுச்சு. முடியாதும்மா, வேற கல்லு வாங்கிட்டு வான்னேன். எங்கெங்கேயோ தேடி அதே அச்சுல பழைய கல்லாப் பாத்து வாங்கிட்டு வந்துச்சு." ஆய்வாளர் கையை நீட்டினார். "புகார்னு சொன்னீங்களே, குடுங்க."

"அது ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிக் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் கசக்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கிலோவுக்கு இரண்டு கிராம் மூன்று புள்ளி, ஏறக்குறைய இரண்டே கால். அவர் கை வைத்த ஒவ்வொரு தராசும் ஊருக்கு அவ்வளவு குறைத்துக் கொடுத்திருக்கிறது. அவர் முத்திரை இருந்ததால் யாரும் கேட்கவில்லை. ஒரு கிலோ வெங்காயத்தில் அது ஒரு சருகு. ஆனால் அதே கல்லை வைத்து இருபது டன் லாரிக்கு எடைமேடையைச் சரிசெய்திருந்தால்? நாற்பத்தாறு கிலோ. ஒல்லியாக ஒரு ஆள் லாரிக்குள் ஒளிந்து உட்கார்ந்த மாதிரி. நீளக் கம்பி ஒரு கிலோவை நூறாக்கும் என்று மருமகள் சொன்னாளே. அது தப்பையும் நூறாக்கும். அதனால்தான் கல்லை மாற்ற அவள் அவசரப்பட்டிருக்கிறாள். ஊரில் எல்லோரையும் நான்கு மூலையில் வைத்துப் பார்த்தவர், தன் பெட்டியை மட்டும் ஒரு மூலையில்கூட வைத்துப் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பார்க்காதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. எதிர்ச் சாரிக்குப் போனார். இரும்புக் கடைக்காரர் பழைய சைக்கிள் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உன் கல்லு இருக்கா? அந்த ஈயக் கல்லு."

இரும்புக் கடைக்காரர் ஏழு வருஷமாகப் பேசாத வாயை உடனே திறந்துவிடவில்லை. உள்ளே போய்க் கல்லைக் கொண்டுவந்து வைத்தார். கடையில் ஒரு பழைய இரட்டைத் தட்டுத் தராசு தொங்கியது. நாலுமூலை ஒரு தட்டில் அதை வைத்தார், மறு தட்டில் மருமகள் வாங்கிய கல்லை வைத்தார். முள் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு நடுவில் நின்றது.

"நீ ஈயம் ஊத்தலப்பா. என் கல்லுதான் குறைச்சல். நானே தேய்ச்சுத் தேய்ச்சுக் குறைச்சிருக்கேன்" என்றார் நாலுமூலை. "நான் தெருவுக்கே சொன்னதைத் திரும்ப எடுத்துக்க முடியாது. ஆனா வீடு வீடாப் போய் மாத்திச் சொல்றேன்."

இரும்புக் கடைக்காரர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மூலையும் பாத்துட்டியா?" என்றார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சைக்கிளிடம் திரும்பிவிட்டார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க நாலுமூலைக்கு உரிமை இல்லை.

கடைக்குள் மருமகள் ஆஸ்பத்திரித் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடைக்கல்லை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகர்த்தி, எண்ணைக் குறித்துக்கொண்டாள். தலை நிமிரவில்லை. நாலுமூலை இரண்டு கற்களையும் அவள் முன்னால் வைத்தார்.

"ஏம்மா."

"சொல்லுங்க மாமா."

பஸ்ஸில் நான்கு தடவை சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன். பெரியவர் ரெண்டே கால் கிராம் குறைச்சல். உன்னை அந்த பேங்க் அம்மா முன்னாடி திருடின்னு சொல்லிட்டேன். ரொம்பப் பெரிய தப்பும்மா. என்னை மன்னிச்சுடு. அந்தச் சான்றிதழை நீ என் மூஞ்சியில வீசியிருக்கலாமே, ஏன் வீசல?"

"இருபத்திரண்டு வருஷமா நீங்க டீ கூடக் குடிக்காம செஞ்ச வேலை மாமா அது. பேங்க் அம்மா முன்னாடி வெச்சு அதைத் தப்புன்னு எப்படிச் சொல்றது? இன்னைக்கு மத்தியானம் தனியாச் சொல்லலாம்னு இருந்தேன். இந்தக் குழந்தைத் தராசு இன்னைக்கு வெளிய போகணும், அதனாலதான் நேத்தே மாத்தி வெச்சேன்." அவள் தராசின் சுவிட்சை அணைத்தாள். "வலிக்கலைன்னு சொல்ல மாட்டேன். வலிச்சுது."

அவர் தலையாட்டினார்.

"அந்தப் பத்திரத்தை எடு. கையெழுத்துப் போட்டுடறேன்."

"படிச்சுட்டுப் போடுங்க."

"நீ படிச்சிட்ட இல்ல? அது போதும்."

"போதாது மாமா." அவள் பத்திரத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். "அஞ்சாம் பக்கம். ஒரு தவணை தவறினாலே இடத்தை எடுத்துக்கலாம்னு இருக்கு. நான் கேட்டேன், மாத்த மாட்டேங்கிறாங்க. காலையில நீங்க இதைப் படிப்பீங்க, அந்தம்மாவைப் போட்டுக் குடைவீங்கன்னுதான் காத்துட்டு இருந்தேன். உங்க சந்தேகத்தை நம்பித்தான் மாமா நான் இந்தக் கடனுக்கே போனேன். அது என் மேல திரும்பிடுச்சு."

நாலுமூலை மூக்குக் கண்ணாடியைத் தேடினார். சட்டைப்பையில் கசங்கிய புகாரோடு அது சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்தார். புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். மனைவி மேலேயிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டாள்.

மறுநாள் பேங்க் திறந்ததும் அவர் வாசலில் நின்றார். பெரியவரின் குறைச்சலை முதலில் தன் வாயாலேயே சொன்னார். அந்த அம்மா, "தெரியும்ங்க" என்றாள். பிறகு அஞ்சாம் பக்கத்தை எடுத்தார். நின்றபடி கேட்டார், உட்கார்ந்து கேட்டார். அவளுடைய மேலதிகாரியின் அறைக்குப் போய்க் கேட்டார், திரும்பும்போது கதவருகில் நின்று ஒரு தடவை கேட்டார். நான்காவது தடவையில், ஒரு தவணை என்பது மூன்று தவணை என்று மாறியது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார், சாயங்காலம் நான்கு மணிக்கு.

அடுத்த நாள் விடிந்ததும் பழக்கத்தில் கை பாலீஷ் டப்பாவைத் தேடியது. டப்பா இல்லை, மனைவி அதை மேலே கொண்டுபோய்க் குழாயைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் புதுக் கல்லின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தொடாமல் மூடினார். அப்படி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, சரிசெய்ய வேண்டிய பழைய தராசுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். லாரி வருவதற்குள் இருநூற்றுப் பதினேழு கடை பார்த்தாக வேண்டும், அத்தனையும் இலவசமாக. சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். நாலைந்து பேர் இனி வேறு கடைக்குப் போகிறோம் என்றார்கள்.

பெரியவர் இப்போது மேஜைமேல், கடன் பத்திரங்களின் நகல் பறக்காதபடி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் யாராவது அதைக் கையில் எடுத்து, "கிலோவா இது?" என்று கேட்பார்கள். வெறும் விரல் படுகிறதே என்று நாலுமூலை பதறுவதில்லை.

"கிலோ இல்ல. ரெண்டே கால் கிராம் கம்மி" என்கிறார். "நான்தான் தேய்ச்சேன்."